பழைய பெயரும் புதிய வண்டியும்

மனிதன் ஆக்கிய பொருள்களுட் பெரும்பாலானவை தமக்குரிய பணியைச் செய்து, தேய்ந்து, மறக்கப்பட்டு மறைகின்றன. மிகச் சிலவே பணி செய்யும் காலத்திலேயே மக்களின் அன்பையும் பெற்றுவிடுகின்றன. அத்தகைய பொருளொன்றைத் திருத்தியமைக்க முற்படுவோன் இரு திறத்தாருக்கும் விடை கூறக் கடமைப்படுகின்றான். 'ஏன் மாற்றினாய்?' என ஒரு சாரார் வினவுவர். 'இன்னும் ஏன் மாற்றாதிருக்கிறாய்?' என மற்றொரு சாரார் வினவுவர். 2019 ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் நாள், ஜெர்மனியின் பிராங்க்போட் நகரில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில், லாண்ட் றோவர் நிறுவனத்தார் தமது 'டிபெண்டர்' வண்டியின் புதிய வடிவத்தை உலகுக்குக் காட்டியபோது எழுந்த வாதம் இத்தகையதேயாகும்.

வண்டியொன்றின் வடிவைப் பற்றிய வாதத்திலே நமக்கென்ன அக்கறை என்று நேயர்கள் எண்ணக்கூடும். இவ்வாதம் வண்டியோடு மட்டும் நிற்பதன்று. ஒரு பொருள் எதனால் அப்பொருளாகிறது, அதனை மாற்றும் உரிமை யாருக்குண்டு, மாற்றத்தினால் நன்மை பெறுவோர் யார், இழப்போர் யார் என்னும் வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. ஆதலின், முதலில் வரலாற்றையும், பின்னர் பொறியமைப்பையும், இறுதியில் இரு சாராரின் நியாயங்களையும் முறையே நோக்குவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். பிரித்தானியாவில் உருக்குக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவியது. பிறநாடுகளுக்குப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே அரசாங்கம் உருக்கை முன்னுரிமையோடு வழங்கிற்று. உயர்ந்தோர் விரும்பும் கார்களைச் செய்துவந்த றோவர் நிறுவனம், சொலிஹல் என்னுமிடத்தில் போர்க்காலத்திலே விமான இயந்திரங்களுக்காக எழுப்பப்பட்ட பெரிய தொழிற்சாலையை வைத்துக்கொண்டு, அதனுள் எதனைச் செய்வதென்று திகைத்து நின்றது. அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த மொரிஸ் வில்க்ஸ் என்பார், வேல்சு நாட்டைச் சார்ந்த அங்கிள்சி தீவில் ஒரு பண்ணை வைத்திருந்தார். அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற பழைய ஜீப் வண்டியொன்றே அப்பண்ணையின் வேலைகளுக்கு உதவிற்று. அது பழுதாகித் தேய்ந்துபோனால் அதனிடத்தை நிரப்ப வேறு வண்டி இல்லையே என்ற எண்ணத்திலிருந்தே புதிய வண்டியின் கருத்து அவருக்கும், நிறுவனத்தை நிருவகித்த அவர்தம் தமையனார் ஸ்பென்சர் வில்க்சுக்கும் உதித்தது. கடற்கரை மணலிலே அதன் முதல் உருவை அவர் வரைந்து காட்டினார் என்பது வழிவழி வரும் செய்தி.

1948 ஆம் ஆண்டு ஏப்பிரல் 30 ஆம் நாள், ஒல்லாந்தின் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அவ்வண்டி முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தூரம் 80 அங்குலம். இயந்திரம் 1.6 லீற்றர் கொள்ளளவுள்ள பெற்றோல் இயந்திரம். விலை 450 பவுண். வண்டியின் இயந்திரத்திலிருந்து விசையை வெளியே எடுத்து, அறுக்கும் வாளையோ நீரிறைக்கும் பம்பியையோ இயக்குதற்கும் வழி செய்யப்பட்டிருந்தது. எனவே அது பாதி கார், பாதி உழவு இயந்திரம் எனலாம்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இன்று பலராலும் அழகென்று போற்றப்படும் அதன் கோலம் அழகு கருதி அமைக்கப்பட்டதன்று. உருக்குக் கிடைக்காமையால் உடல் அலுமினியக் கலவைத் தகட்டினாற் செய்யப்பட்டது. விலையுயர்ந்த அச்சுருக்கள் இல்லாமலே செய்யவேண்டியிருந்தமையால், தகடுகள் பெரும்பாலும் தட்டையாகவும் எளிய வளைவுகளோடும் அமைந்தன. அடிச்சட்டத்துக்குரிய பெட்டிபோன்ற உத்தரங்கள், தட்டையான உருக்குப் பட்டைகளை ஒட்டவைத்து உருவாக்கப்பட்டன. முதல் வண்டிகளுக்குப் பூசிய இளம்பச்சை நிறமும், விமானங்களுக்கென வாங்கி எஞ்சிய வர்ணமே என்பர். வறுமை வரைந்த கோடுகளே பிற்காலத்தில் எழிலின் இலக்கணமாயின.

சில ஆண்டுகளுக்கு மட்டும் செய்வதாக எண்ணித் தொடங்கிய அவ்வண்டி, விரைவிலே அந்நிறுவனத்தின் கார்களைவிட மிகுதியாக விற்பனையாயிற்று. 1958 இல் இரண்டாம் வரிசையும், 1971 இல் மூன்றாம் வரிசையும் வந்தன. 1976 இல் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. 1983 இல் இலைபோன்ற வில்தகடுகள் நீக்கப்பட்டுச் சுருள்வில்கள் பொருத்தப்பட்டன. 'டிபெண்டர்' என்னும் பெயரோ 1990 இலேதான் சூட்டப்பட்டது. அதாவது, பழமையின் சின்னமாக இன்று பலர் உச்சரிக்கும் பெயருக்கே வண்டியைவிட 42 ஆண்டு வயது குறைவு. பழைய வண்டி என்றும் மாறாதிருந்தது என்று கூறுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. அது மாறிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் சிறிதாயிருந்தமையால், கண்ணுக்கு மாற்றமாகத் தோன்றவில்லை.

ஆபிரிக்கப் புல்வெளிகளிலும், அரேபியப் பாலைநிலங்களிலும், அவுஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களிலும், படையினர், மருத்துவர், நிலவளவையாளர், உழவர் ஆகிய பலர் கையிலும் அவ்வண்டி பணி செய்தது. நமது நாட்டிலும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாதைகளையும் அரசாங்கத் திணைக்களங்களையும் அறிந்த முதியோருக்கு லாண்ட் றோவர் புதிய பெயரன்று. 2021 ஆம் ஆண்டு ஏப்பிரலில் எடின்பரோ கோமகன் பிலிப் இளவரசரின் பூதவுடலை ஏந்திச் சென்றதும் அவர் விருப்பப்படி மாற்றியமைக்கப்பட்ட டிபெண்டர் வண்டியே. ஓர் உழவரின் வண்டி அரசகுடும்பத்தின் இறுதி ஊர்வலத்துக்கும் ஏற்றதாயிற்று என்றால், அது பெற்ற மதிப்பை வேறு விளக்கவேண்டியதில்லை.

எனினும் 2016 ஆம் ஆண்டு ஜனவரி 29 ஆம் நாள் பழைய டிபெண்டரின் உற்பத்தி சொலிஹலில் நிறைவெய்தியது. அறுபத்தெட்டு ஆண்டுகளில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அது நிறுத்தப்பட்டமைக்குக் காரணங்கள் உண்டு. புகை வெளியேற்றம் பற்றிய ஐரோப்பியச் சட்டங்கள் கடுமையாகிக்கொண்டு வந்தன. வண்டி மோதினால் உள்ளிருப்போரும் வழிநடப்போரும் உயிர்தப்புதற்கான விதிகளும் பெருகின. பழைய டிபெண்டருக்குக் காற்றுப்பை இருந்ததேயில்லை. அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளை நிறைவேற்ற இயலாமையால் 1997 ஆம் ஆண்டோடு அந்நாட்டுச் சந்தையை அது இழந்திருந்தது. மேலும், பெரும்பகுதி கைவேலையாகவே பொருத்தப்பட்ட வண்டியாதலின் அதனைச் செய்யும் செலவும் மிகுந்தது.

இனி, புதிய வண்டியில் மாறியது யாது என்பதை நோக்குவோம். பழைய வண்டிக்கு அடிப்படை, ஏணி வடிவான உருக்குச் சட்டம். நீண்ட இரு உத்தரங்களும் அவற்றைக் குறுக்கே இணைக்கும் கட்டைகளும் சேர்ந்து ஓர் ஏணிபோல் அமையும். இயந்திரம், அச்சுகள், உடல் யாவும் அதன்மேற் பொருத்தப்படும். உடல் நசுங்கினால் அப்பகுதியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். புதிய வண்டியில் ஏணி இல்லை. அலுமினியத்தாலான உடலே சட்டமாகவும் இருந்து பாரம் முழுவதையும் தாங்குகின்றது. முட்டைக்கு உள்ளே எலும்பில்லை. ஓடே அதன் வலிமை. அவ்வாறே இதற்கும் ஓடே வலிமை. முறுக்கும் விசையை எதிர்த்து நிற்பதில், வழமையான ஏணிச்சட்ட வண்டிகளைவிட இது மும்மடங்கு உறுதியானதென்று செய்தோர் கூறுகின்றனர்.

இரண்டாவது மாற்றம் அச்சுகளிற் காணப்படுவது. பழைய வண்டியின் இடச்சில்லையும் வலச்சில்லையும் ஒரே உறுதியான அச்சு பிணைத்திருந்தது. துலாக்கோலின் ஒரு தட்டு உயர மறு தட்டுத் தாழ்வதுபோல, ஒரு சில்லு பாறையிலேறினால் மறு சில்லு பள்ளத்துள் அழுத்தப்பட்டு நிலத்தைப் பற்றும். கரடுமுரடான தரையில் மெல்லச் செல்லும்போது இது பெருநன்மை. ஆனால் நல்ல வீதியில் விரைந்து செல்கையில், ஒரு சில்லுக்கு நேரும் அதிர்ச்சி மறுசில்லையும் தாக்குதலால் வண்டி நிலைகுலையும். புதிய வண்டியில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே எழுந்து தாழும். வேண்டும்போது வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தித் தரும் காற்றுவில்களையும் பொருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது மாற்றம் கணிப்பொறியின் வருகை. சாதாரண வண்டியில் ஒரு சில்லு சேற்றிலே வழுக்கிச் சுழலுமாயின், விசையைப் பகிரும் பற்சக்கரத் தொகுதியின் இயல்பினால், உறுதியான தரையில் நிற்கும் மறுசில்லுக்கும் போதிய விசை சேராது. புதிய வண்டியில் கணிப்பொறியானது வழுக்கும் சில்லை உடனே உணர்ந்து, அதற்கு மட்டும் பிறேக்கிட்டு, விசை மற்றைச் சில்லுக்குச் செல்லுமாறு செய்கின்றது. பழைய வண்டியின் பிற்காலப் பிரதிகளில் ஓரளவு இடம்பெற்ற இவ்வுதவி, புதியதில் வண்டியின் இயக்கம் முழுவதிலும் பரவியுள்ளது. முன்னர் சாரதியின் கையிலும் காலிலும் இருந்த அறிவு இப்போது இயந்திரத்துள் புகுந்துவிட்டது.

இம்மாற்றங்களை வெறுப்போர் கூறும் நியாயங்கள் மூன்று. முதலாவது, வடிவம் பற்றியது. மேற்கூரையின் ஓரச் சாளரங்கள், பக்கவாட்டில் திறக்கும் பின்கதவு, அதன்மேல் தொங்கும் மேலதிகச் சில்லு ஆகியவை பழையதை நினைவூட்டுவதற்காகவே வைக்கப்பட்டவை என்றும், நினைவூட்டல் வேறு, தொடர்ச்சி வேறு என்றும் அவர்கள் வாதிக்கின்றனர். பெயரோடு ஒட்டிய எண்களிலும் அவர்களுக்கு ஒரு சான்று உண்டு. பழைய '110' என்னும் எண் அச்சுகளின் இடைத்தூரமாகிய 110 அங்குலத்தைக் குறித்தது. புதிய '110' இன் இடைத்தூரம் 3,022 மில்லிமீற்றர். அதாவது ஏறக்குறைய 119 அங்குலம். அளவாயிருந்த எண் அடையாளமாகிவிட்டது.

இரண்டாவது நியாயம், விலை பற்றியது. 450 பவுணுக்கு உழவருக்கென விற்கப்பட்ட வண்டி, 2019 இல் அறிமுகமானபோது பிரித்தானியாவில் ஏறக்குறைய 45,000 பவுணாயிருந்தது. பணத்தின் பெறுமதி இடைக்காலத்திற் குறைந்ததைக் கணக்கிட்டாலும், இது இருமடங்குக்கும் மேற்பட்ட உயர்வு.

மூன்றாவது நியாயம், திருத்துதல் பற்றியது. பழைய வண்டி வழியில் நின்றுவிட்டால், ஸ்பானரும் சுத்தியலும் சிறிது பொறுமையுமுடைய ஒருவர் அதனை மீண்டும் ஓடச்செய்தல் கூடும். புதிய வண்டியில் எங்கே பழுது என்று அறிவதற்கே வேறொரு கணிப்பொறி வேண்டும். நகரிலுள்ள செல்வருக்கு இது பொருட்டன்று. நூறு மைல் சுற்றளவில் வேலைத்தலம் இல்லாத இடத்திலிருக்கும் மருத்துவருக்கோ இது உயிரோடு தொடர்புடைய செய்தி.

புதியதை ஆதரிப்போருக்கும் வலிய விடைகள் உண்டு. பழைய வண்டி 500 மில்லிமீற்றர் ஆழமான நீரையே கடக்கவல்லது. புதியது 900 மில்லிமீற்றர் ஆழத்தைக் கடக்கின்றது. காற்றுவில் பொருத்திய புதிய வண்டி தரையிலிருந்து 291 மில்லிமீற்றர் வரை உயர்ந்து நிற்கும். ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையிலே 2020 ஆம் ஆண்டு அது ஐந்து நட்சத்திரங்களும் பெற்றது. பழையதன் குறைகளையும் அவர்கள் மறவாது எடுத்துரைப்பர். உட்புறம் நெருக்கடியானது, இரைச்சல் மிகுந்தது, மழைநீர் ஒழுகுவது. உடல் அலுமினியமாயினும், அதனைத் தாங்கிய உருக்குச் சட்டம் துருப்பிடித்து அழிவது அதன் தீராத நோய். இவற்றையெல்லாம் மறந்து பழைமையைப் புகழ்வோர், நாள்தோறும் அவ்வண்டியில் வேலைக்குச் செல்லாதவர்களே என்பது இவர்கள் கூற்று. ஓராண்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய வண்டிகள் விற்பனையானதையும் அவர்கள் சான்றாகக் காட்டுவர். விற்பனை ஒரு பொருளின் விருப்பத்தைக் காட்டுமேயன்றி அதன் தகுதியை முற்றாக நிறுவாது என்று நாம் கூறலாம். எனினும் விபத்தில் உயிர்பிழைத்தல் என்பது விருப்பத்துக்குரியதன்று. பழையதை அப்படியே வைத்திருக்க வேண்டுமென்போர், அதனாலுண்டாகும் உயிராபத்துக்கும் விடைகூறவேண்டும்.

பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றுவதற்குப் பழைய அமைப்பு முழுவதையும் கைவிடத்தான் வேண்டுமா என்பது அடுத்த வினா. பிறர் சென்ற வழிகள் இதற்கு விடை தருகின்றன. அமெரிக்க ஜீப் நிறுவனத்தின் 'றாங்லர்' வண்டி 2017 இல் புதுப்பிக்கப்பட்டபோதும் ஏணிச் சட்டத்தையும் உறுதியான அச்சுகளையும் விடவில்லை. யப்பானிய சுசுக்கியின் சிறிய 'ஜிம்னி'யும் 2018 இல் அவ்வாறே புதுப்பிக்கப்பட்டது. ஜெர்மனியின் மேர்சிடிஸ் 'ஜி' வண்டி 2018 இல் நடுவழியை நாடிற்று. ஏணிச் சட்டத்தையும் பின்னச்சையும் வைத்துக்கொண்டு முன்னச்சை மட்டும் மாற்றிற்று. ஆகவே லாண்ட் றோவர் தேர்ந்த வழி, சென்றேயாகவேண்டிய ஒரே வழியன்று. பல வழிகளுள் ஒன்று. வீதியிலும் காட்டிலும் ஒருங்கே சிறக்கும் வண்டியை, உழவரைவிடப் பரந்த ஒரு கூட்டத்தாருக்கு விற்க அவர்கள் துணிந்தனர் என்பதே நேர்மையான விளக்கம்.

இவ்விடைவெளியைக் கண்ட செல்வந்தர் ஒருவரும் இருந்தார். இரசாயனத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஜிம் ரட்கிளிப் என்பார், பழைய டிபெண்டரின் பணியைத் தொடரும் வண்டியொன்றைத் தாமே செய்விக்க முனைந்தார். லண்டனிலுள்ள தவறணையொன்றின் பெயரால் 'கிறெனடியர்' எனப் பெயர் பெற்ற அவ்வண்டி, ஏணிச் சட்டத்தோடும் உறுதியான அச்சுகளோடும், 2022 ஆம் ஆண்டு முதல் பிரான்சின் அம்பாக் நகரிற் செய்யப்படலாயிற்று. இதற்கிடையே பழைய வண்டியின் வடிவைத் தனது வணிகக் குறியாகப் பதிய லாண்ட் றோவர் நிறுவனம் முயன்றது. அவ்வடிவம், போதிய தனித்தன்மையை நிறுவவில்லை என்ற காரணத்தால் பதிவு மறுக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டு லண்டன் உயர்நீதிமன்றமும் அம்முடிவை உறுதிசெய்தது. உலகெங்கும் ஆர்வலர்கள் உயிரெனப் போற்றும் வடிவம், சட்டத்தின் கண்ணுக்கு அவ்வளவு தனித்ததாகத் தோன்றவில்லை. இன்றோ, பெயர் ஓரிடத்தும் பழைய அமைப்பு வேறோரிடத்தும் வாழ்கின்றன.

கிரேக்க ஆசிரியர் புளூட்டாக் ஒரு கப்பலைப் பற்றிக் கூறுகின்றார். தீசியசு என்னும் வீரனின் கப்பலை அதென்சு மக்கள் பேணிவந்தனர். உளுத்த பலகைகளை நீக்கிப் புதியனவற்றைப் பொருத்திக்கொண்டே வந்தமையால், இது பழைய கப்பல்தானா என்று தத்துவஞானிகள் வாதிட்டனர். நமது வழக்கு அதனினும் சிக்கலானது. 1948 முதல் 2016 வரை பலகை பலகையாக மாற்றினர். 2019 இலோ கப்பல் முழுவதையும் ஒரே நாளில் மாற்றிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டனர்.

இவ்வழக்கைத் தீர்க்க முயல்வோர் நான்கு பொருள்களைத் தனித்தனியே பிரித்தறிய வேண்டும். அவை பெயர், வடிவம், ஆற்றல், தொழில் என்பன. பெயர் உரிமையாளருடையது, அதனை அவர் எவ்வாறும் வழங்கலாம். வடிவம் அவ்வக்காலத் தேவையின் விளைவு. 1948 இன் தட்டுப்பாடு தந்த கோடுகளை 2019 இலும் வரையவேண்டும் என்பது நியாயமன்று. ஆற்றலிலே புதிய வண்டி பழையதற்குச் சிறிதும் தாழ்ந்ததன்று, பலவற்றிலே உயர்ந்தது. இம்மூன்றிலும் புதியதைக் குறைகூற இடம் சிறிதே. நான்காவதாகிய தொழிலிலேதான் உண்மையான இழப்பு உள்ளது. எளியோர் வாங்கத்தக்கது, தொலைவிலுள்ளோர் தாமே திருத்தத்தக்கது, மூன்று தலைமுறை உழைக்கத்தக்கது என்பதே பழைய வண்டியின் தொழில். இத்தொழிலை விலையாலும் கணிப்பொறியாலும் புதியது பெரிதும் துறந்துவிட்டது. கிறெனடியர் அதனை ஏற்க முன்வந்ததாயினும், விலையால் அதுவும் சாதாரண உழவருக்கு எட்டவில்லை. பழைய டிபெண்டர்களோ இன்று சேகரிப்போரின் செல்வமாகிவிட்டன. 2015 ஆம் ஆண்டு இறுதியில் இருபது இலட்சமாவது வண்டி தருமப்பணிக்காக ஏலமிடப்பட்டபோது 400,000 பவுணுக்கு விலைபோயிற்று. எனவே ஆர்வலரின் அன்பும், அன்பின் வழியே வந்த விலையேற்றமும், பழைய வண்டியை அதன் பழைய எசமானரிடமிருந்து பிரிப்பதில் ஒரு பங்கு கொண்டுள்ளன என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆதலின், புதிய வண்டி பழையதைப்போல் தோன்றவில்லையே என்று வருந்துவது வாதத்தின் புறத்தோலை மட்டும் தொடுவதாகும். செய்தோரை நோக்கி நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. உதிரிப்பாகங்களை எத்தனை ஆண்டு தருவீர்? பழுதை அறியும் கருவியையும் அறிவையும் உங்கள் முகவர்க்கு மட்டுமன்றி ஊர்ப்புறத்துத் திருத்துநருக்கும் தருவீரா? இவ்விரண்டுக்கும் நல்விடை கிடைக்குமாயின், ஏணிச் சட்டம் போனதைப்பற்றிப் பெரிதும் கவலையுற வேண்டியதில்லை. கிடையாதாயின், எத்துணை ஆழமான நீரைக் கடக்கவல்லதாயினும், பழுதுபட்ட அன்று அவ்வண்டி கரையிலேயே நின்றுவிடும். அதனை நம்பிப் புறப்பட்டவரும் அங்கேயே நிற்பார்.